சிறு பேக்கரிக்கான ஸ்பைரல் மிக்சர்: எங்கே சிக்கனம், எங்கே கஞ்சத்தனம்

சிறிய பேக்கரிகளுக்கென்றே குறைந்த விலையில் வடிவமைக்கப்பட்டுள்ள இந்த ஸ்பைரல் மிக்சரில், அதாவது சுருள் வடிவக் கொக்கி சுழன்று மாவு பிசையும் இயந்திரத்தில், முதலில் பாராட்டத் தக்கது, பழுது பார்ப்பவரின் வசதியை எண்ணி உதிரி பாகங்களைத் தேர்ந்தெடுத்திருப்பதுதான். பின்பக்கத் தகட்டைக் கழற்றினால் மோட்டார், வி-பெல்ட், பேரிங் ஆகிய மூன்றும் கைக்கெட்டும் இடத்திலேயே இருக்கின்றன. 6205 என்ற பொது எண்ணுள்ள, 25 மி.மீ. உள்விட்டமும் 52 மி.மீ. வெளிவிட்டமும் கொண்ட பேரிங்கைப் பயன்படுத்தியிருப்பதால், அது தேய்ந்துபோனால் உற்பத்தியாளர் அனுப்பும்வரை காத்திராமல் வெளிக்கடையில் வாங்கியே மாற்றிவிடலாம். பல்சக்கரத்துக்குப் பதிலாக பெல்ட் வைத்ததும் சரியான முடிவே. மாவு அளவுக்கு மீறி இறுகும்போது பெல்ட் வழுக்குமே தவிர, பல் எதுவும் முறியாது.

கொள்ளளவாகக் குறிப்பிடப்படும் 16 கிலோ என்பது பிசைந்த மாவின் எடை. அதாவது 10 கிலோ மைதாவும் அதற்கு 60 விழுக்காடு தண்ணீரும். தண்ணீரை 50 விழுக்காட்டுக்குக் குறைத்தால் மோட்டார் சூடேறுவது தொட்டாலே தெரிகிறது. அத்தகைய கெட்டி மாவுக்குப் பாதியளவே போடுவது நல்லது. ரொட்டி மாவு சீராகத் திரள்கிறது, குளிர்ந்த நீர் சேர்த்தால் 26 டிகிரி செல்சியஸைத் தாண்டாமலும் வந்துவிடுகிறது. ஆனால் ஒரே வேகம் என்பதால், தொடக்கத்தில் மைதா மேலே பறக்கிறது, கடைசியில் பசையம் (மாவுக்கு இழுவைத் தன்மை தரும் குளூட்டன்) இழுபட கூடுதல் நேரம் ஆகிறது. கேக் கலவைக்கும் கிரீமுக்கும் இது உதவாது, விற்பவர் என்ன சொன்னாலும்.

பொறுத்துக்கொள்ள முடியாத குறை கம்பி மூடியில் இருக்கிறது. அதைத் தூக்கினாலும் கொக்கி சுழன்றுகொண்டே இருக்கிறது. ஓரத்தில் ஒட்டிய மாவை வழிக்கக் கை உள்ளே போவது எந்த பேக்கரியிலும் வழக்கம் என்பதை அறிந்த வடிவமைப்பாளர், மூடி திறந்தவுடன் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஒரு சிறிய லிமிட் சுவிட்சை மிச்சப்படுத்தியிருக்கக் கூடாது. கிண்ணத்தின் அடியிலுள்ள வெல்டிங்கும் மெருகேற்றப்படவில்லை. அந்த விளிம்பில் தங்கும் மாவு மறுநாள் புளித்து நாறுகிறது, பிரஷ் கொண்டு தேய்த்தாலும் முழுதாக வருவதில்லை. காற்றோட்டத் துளைகள் உள்ள திறந்த வகை மோட்டாருக்குள் மாவுத்தூள் படிவதால், அதையும் அடிக்கடி ஊதிச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கிறது.

நாள்தோறும் ரொட்டியும் பன்னும் மட்டுமே போடுபவர்கள் இதைத் தாராளமாக வாங்கலாம். மூடியில் சுவிட்ச் பொருத்தித் தரச் சொல்லி, அது வேலை செய்வதைப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுக்கவும்.