ஸ்னிப்பெட் வைக்க எது வசதி: விஎஸ் கோட், இன்டெல்லிஜே, ஈமாக்ஸ்

ஒரே பத்து வரி நிரலைப் பழைய ஃபைலில் தேடிப்பிடித்து காப்பி பேஸ்ட் செய்து அலுத்துப்போய்த்தான் ஸ்னிப்பெட், அதாவது சுருக்கப் பெயர் கொடுத்துச் சேமித்துவைக்கும் நிரல் துண்டு, பக்கம் வந்தேன். நிரல் எழுதும் எடிட்டர் எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான். சுருக்கத்தை அடித்து டேப் தட்டினால் முழுத் துண்டும் விரியும். அடுத்தடுத்த டேப்புக்கு, நிரப்ப வேண்டிய இடங்களுக்குக் கர்சர் தாவும். 2004-இல் மேக்குக்கு வந்த டெக்ஸ்ட்மேட் என்ற எடிட்டர் பரப்பிய பாணி இது. விஎஸ் கோட் ஸ்னிப்பெட் மாறிகள் பலவற்றின் பெயரில் அதன் சுருக்கமான 'டிஎம்' இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பயன்படுத்தும்போது பெரிய வித்தியாசம் தெரியாது. எழுதும்போதும் திருத்தும்போதும்தான் குட்டு வெளிப்படும்.

விஎஸ் கோடில் ஸ்னிப்பெட்டை ஜேசன் என்ற தரவு வடிவத்தில் எழுத வேண்டும். ஒவ்வொரு வரியும் மேற்கோளுக்குள், வரிகளுக்கு இடையே காற்புள்ளி, உள்ளே இரட்டை மேற்கோள் வந்தால் முன்னால் ஒரு பேக்ஸ்லாஷ். ஷெல் ஸ்கிரிப்ட் என்றால் இன்னும் மோசம். பேக்கப் எடுக்க ஒரு ஸ்னிப்பெட் எழுதி, ஹோம் ஃபோல்டரைக் குறிக்கும் ஷெல்லின் ஹோம் மாறியை டாலர் குறியோடு அப்படியே போட்டேன். விரித்தால் டாலரைக் காணோம். ஹோம் என்ற சொல் மட்டும் நிற்கிறது. ஸ்னிப்பெட்டிலும் டாலர்தான் மாறிக்கு அடையாளம்; தெரியாத மாறி வந்தால் அதன் பெயரையே நிரப்பும் இடமாக்கிவிடும் என்று ஆவணத்திலேயே இருக்கிறது. படிக்காதது என் தப்பு. டாலருக்கு முன் இரண்டு பேக்ஸ்லாஷ் வேண்டும்: ஒன்று ஜேசனுக்கு, ஒன்று ஸ்னிப்பெட்டுக்கு.

இருந்தும் டீமுக்கு இதைத்தான் சொல்வேன். ப்ராஜெக்டுக்குள் உள்ள விஎஸ்கோட் ஃபோல்டரில் வைத்து கிட்டில் கமிட் செய்தால், ரெபோவை (பொது நிரல் களஞ்சியத்தை) இழுக்கிற எல்லோருக்கும் கிடைத்துவிடும்.

இன்டெல்லிஜேயில் ஸ்னிப்பெட்டுக்குப் பெயர் லைவ் டெம்ப்ளேட், கெட்டிக்காரப் பிள்ளை. ஜாவாவில் 'ஐடெர்' அடித்து டேப் தட்டினால், பக்கத்திலிருக்கும் லிஸ்டைத் தானே பிடித்து ஃபார் லூப் எழுதும். கிளாஸின் முழுப் பெயரைக் கொடுத்துவைத்தால் இம்போர்ட்டையும் சேர்த்துக்கொள்ளும். டாலர் வேண்டுமென்றால் இரண்டு டாலர் போட்டால் போதும். ஆனால் எழுதுவது செட்டிங்ஸில் ஒரு சின்னப் பெட்டிக்குள். எக்ஸ்போர்ட் செய்து கொடுத்தால் ஆறே மாதத்தில் ஆளுக்கொரு பதிப்பு ஆகிவிடுகிறது.

ஈமாக்ஸுக்கான யாஸ்னிப்பெட் என்ற பேக்கேஜில் ஒரு துண்டுக்கு ஒரு ஃபைல். மேலே பெயரும் சுருக்கமும், கீழே நிரல் நிரலாகவே இருக்கும். டாலருக்கு ஒரே பேக்ஸ்லாஷ். பேக்டிக் (`) குறிகளுக்குள் ஈமாக்ஸின் மொழியான லிஸ்ப்பில் எழுதினால் விரியும்போதே ஓடும். இன்றைய தேதியை அப்படித்தான் போடுகிறேன். குறை? ஈமாக்ஸ் கற்க வேண்டும், அவ்வளவுதான்!

நிரல் துண்டுகளை இணையத்தில் போட்டுவைக்கும் கிட்ஹப் கிஸ்ட் எடிட்டருக்கு மாற்று ஆகாது, பரண் மாதிரி. அதில் 'சீக்ரெட்' என்றால் ரகசியம் என்று நம்பி ஏபிஐ கீயை (ஒரு சேவைக்குள் நுழையப் பயன்படும் ரகசியக் குறியீட்டை) வைத்துவிடாதீர்கள். லிங்க் கிடைத்தவர் யாரும் திறக்கலாம்.

நான் சொந்தத் துண்டுகளை ஈமாக்ஸில் வைத்திருக்கிறேன், ஜாவாவுக்கு மட்டும் இன்டெல்லிஜே. அந்த பேக்கப் துண்டு எதிலும் இல்லை. நாற்பது வரி தாண்டியதும் அதைத் தனி ஸ்கிரிப்டாகவே ஆக்கிவிட்டேன்.