நாலு வருடமாக ஒரே சேர்வரில்: வன்னி லாப் ஒன்றின் அனுபவம்

எங்கள் கொம்பியூட்டர் லாபில் 40 மெசின். முன்பு எஸ்பிஎஸ்எஸ், ஆர் (இரண்டும் புள்ளிவிபர மென்பொருள்), கியூஜிஐஎஸ் (வரைபட மென்பொருள்) எல்லாவற்றையும் ஒவ்வொன்றிலும் தனித்தனியாக ஏற்றுவோம். ஒன்றில் பழைய பதிப்பு இருக்கும், பக்கத்து மெசினில் லைசென்ஸ் முடிந்திருக்கும். அதனால் எல்லாவற்றையும் ஒரே விண்டோஸ் சேர்வரில் போட்டு, ரிமோட் டெஸ்க்டொப்பால் (சேர்வரின் திரையைத் தன் மெசினிலேயே பார்த்து வேலை செய்யும் வழி) திறக்க விட்டோம். இப்போது நாலு வருடம். போதனாசிரியராக நான் தினமும் பார்த்ததை எழுதுகிறேன்.

முதல் வருடம் சரியான கஷ்டம். மென்பொருள் நன்றாகத்தான் ஓடியது, அதற்குள் போவதுதான் பாடு. சேர்வர் முகவரி, எங்கள் வலையமைப்பின் டொமைன் பெயர், ஒரு சாய்கோடு, பிறகு பயனர்பெயர் என்று அடிக்க வேண்டும். அந்தச் சாய்கோடு எந்தப் பக்கம் சாயும் என்று நான் வரிசை வரிசையாகப் போய்க் காட்டுவேன். அதைத் தாண்டினால், இந்தச் சேர்வரை நம்பலாமா என்று கேட்கும் சான்றிதழ் எச்சரிக்கை. நெடுங்கேணிப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு, "மிஸ், யெஸ் எண்டு குடுத்தா கொம்பியூட்டருக்கு ஏதும் நடக்குமோ?" என்று கேட்டாள். வீட்டில் கணினி இல்லாத பிள்ளைக்கு அது நியாயமான பயம். இரண்டு மணி நேர பிராக்டிகலில் 20 நிமிடம் இப்படியே போய்விடும்.

ஒரு நாள் காலையில் ஒருவராலும் உள்ளே போக முடியவில்லை. ரிமோட் டெஸ்க்டொப்புக்கான பயனர் லைசென்ஸைப் போடாவிட்டால் 120 நாள்தான் அவகாசம். அது முடிந்திருந்தது. நாள் கணக்கைத் தொடக்கத்திலேயே சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

எங்களுக்கு நிலைமையை மாற்றியது அப்பாச்சி குவாக்கமோலி. ரிமோட் டெஸ்க்டொப்பை உலாவிக்குள்ளேயே திறக்கும் மென்பொருள் அது. இலவசம், திறந்த மூலம். மூடிலுக்கு (பாடங்களுக்கான இணையத்தளம்) போடும் அதே பாஸ்வேர்டால் நுழைய வைத்தோம். அதையே அது விண்டோஸ் சேர்வருக்கும் கொடுத்துவிடும், இரண்டாவது தரம் கேட்காது. உள்ளே மென்பொருள்களின் பெயர்கள் மட்டும். எஸ்பிஎஸ்எஸ்ஸை அழுத்தினால் எஸ்பிஎஸ்எஸ் மட்டும் திறக்கும், முழு டெஸ்க்டொப் வந்து குழப்பாது. இப்போது பிள்ளைகள் கதிரையை இழுத்து உட்கார்ந்த கையோடு வேலை தொடங்குகிறார்கள்.

தமிழ் தட்டச்சு ஆரம்பத்தில் சிக்கியது. கள ஆய்வுத் தரவில் ஒட்டுசுட்டான், துணுக்காய் என்று ஊர்ப்பெயர் அடிக்க வேண்டும், ஆனால் எழுத்து மாறி விழுந்தது. குவாக்கமோலியில் விசைப்பலகை அமைப்பை 'ஃபெயில்சேஃப்' என்று மாற்றினோம். அது யூனிகோட் எழுத்தாகவே அனுப்பும். அப்புறம் சரியாகிவிட்டது. சேர்வரில் இருக்கும் கோப்பைத் தன் பென் டிரைவுக்கு எடுக்க கொன்ட்ரோல், அல்ட், ஷிப்ட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மெனு வரும். இதை முதல் வகுப்பிலேயே சொல்லிக் கொடுங்கள். நாங்கள் சொல்லாமல் விட்டதால் சிலர் தங்கள் ஒப்படை தொலைந்துவிட்டதென்று அழுதே விட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஐப்பசி இடிமழைக்குக் கரண்ட் போய் லாப் இருண்டாலும் சேர்வர் யூபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருக்கும். ஜெனரேட்டர் போட்டதும் பிள்ளை திரும்ப நுழைந்தால், பாதியில் விட்ட அட்டவணை அப்படியே நிற்கும். ஆனால் மூடாமல் போனவர்களின் அமர்வுகள் சேர்வரின் ரேமைத் தின்னும். அதற்கு ஒரு மணி நேர எல்லை வைத்திருக்கிறோம்.

கியூஜிஐஎஸ் மட்டும் உலாவி வழியாகச் சரிவரவில்லை. வரைபடத்தை இழுக்கும்போது திக்கித் திக்கி வருகிறது. அதைத் திரும்ப 40 மெசினிலும் ஏற்றிவிட்டோம்.