கழன்ற டிஃபாகர் தகடு: ஈயமா, வெள்ளிப் பசையா?

ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர்ப் பக்கம் கார் ஓட்டுபவர்களுக்குப் பின் கண்ணாடி டிஃபாகரின், அதாவது கண்ணாடியில் ஓடும் மெல்லிய கோடுகளை மின்சாரத்தால் சூடாக்கிப் பனியை விரட்டும் அமைப்பின், அருமை தெரியும். வெளியே மூடுபனி, உள்ளே நாலு பேர் மூச்சு. ஐந்து நிமிடத்தில் கண்ணாடி வெள்ளைத்தாள் ஆகிவிடும். அப்படி ஒரு சீசன் தொடங்குகிற நேரத்தில்தான் டிக்கியில் அரிசி மூட்டை ஏற்றினேன். மூட்டையின் காது டிஃபாகர் ஒயரில் மாட்டி, கண்ணாடியில் பற்றவைத்திருந்த டெர்மினல் தகடு 'டக்'கென்று கையோடு வந்துவிட்டது. கட்டைவிரல் நகம் அளவுகூட இல்லாத தகடு.

எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் போனேன். பார்த்ததும் கையை விரித்துவிட்டார். "ஈயம் வெக்கிறது பெரிய வேலையில்ல தம்பி, கண்ணாடி போச்சுன்னா நான் பொறுப்பில்ல." இன்னொரு கடையில் கண்ணாடியையே மாற்றச் சொன்னார்கள். ஒரு துண்டுத் தகட்டுக்காக முழுக் கண்ணாடி மாற்ற மனசு வரவில்லை. மிச்சம் இருந்தவை மூன்று வழிகள்: நானே ஈயம் வைப்பது (சால்டரிங்), மின்சாரம் கடத்தும் வெள்ளிப் பசையால் ஒட்டுவது, மலிவாகக் கிடைக்கும் கார்பன் பசையால் ஒட்டுவது. மூன்றையும் ஏதோ ஒரு அளவுக்குச் செய்து பார்த்துவிட்டேன். கடைசியில் ஒட்டியது வெள்ளிப் பசையால். அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கார்பன் பசையை முதலில் ஒதுக்கிவிடலாம். டிவி ரிமோட்டில் மக்கர் செய்யும் பட்டனைச் சரிசெய்ய அது போதும், பட்டனை அழுத்தும்போது சில நூறு ஓம் இருந்தாலும் ரிமோட் வேலை செய்துவிடும். டிஃபாகருக்கு ஆகாது. பென்சில் துகளைச் சாதாரண எபாக்சியில் (அரால்டைட் மாதிரி பிசின்) குழைத்தால் போதும் என்று ஒரு யோசனை சுற்றுகிறது. அதையும் செய்து பார்த்தேன். காய்ந்த பிறகு மீட்டர் கிலோ ஓம் கணக்கில் காட்டியது. துகள்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு சங்கிலி போல நின்றால்தான் மின்சாரம் போகும். நடுவில் பிசின் புகுந்துவிட்டால் ஒவ்வொன்றும் தனித் தீவு. வெள்ளிப் பசையில் எடையில் முக்கால் பங்குக்கு வெள்ளித் துகள் திணிப்பது இதனால்தான். விலையும் அதனால்தான். ஒரு சின்ன பாக்கெட்டுக்கு ஆயிரத்துக்கு மேல் கொடுத்தேன்.

சரி, ஈயம். வெறும் உலோகத்தோடு உலோகம் என்றால் நான் யோசிக்கவே மாட்டேன், சால்டரிங் அயர்னைத்தான் எடுப்பேன். கடத்தும் திறனில் பக்கத்தில் எதுவும் நிற்காது. வழக்கமான 60/40 ஈயம் (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம்) 190 டிகிரிக்குள் முழுக்க உருகிவிடும், வேலை ஒரு நிமிடத்தில் முடியும், தப்பு செய்தால் மறுபடி உருக்கிக்கொள்ளலாம். ஆனால் இங்கே அடியில் இருப்பது உலோகம் இல்லை. கண்ணாடி மேல் வெள்ளிக் கலவையை அச்சடித்துச் சூளையில் சுட்ட மெல்லிய படலம். பழைய இரும்புக் கடையில் ஒரு பின் கண்ணாடி கிடைத்தது, அதில் பழகிப் பார்த்தேன். மூன்று இடத்தில் வைத்தேன். எல்லோரும் பயமுறுத்திய மாதிரி கண்ணாடி வெடிக்கவில்லை. ஆனால் இரண்டு இடத்தில், ஈயம் பளபளவென்று பரவிய அடுத்த நொடி, அடியில் இருந்த வெள்ளியையே காணோம். வழித்துப் பார்த்தால் வெறும் பழுப்புக் கறை. உருகிய வெள்ளீயம் வெள்ளியைக் கரைத்து எடுத்துக்கொள்ளும், சர்க்கரையைத் தண்ணீர் கரைப்பது போல. இதற்காகவே 2 சதவீதம் வெள்ளி சேர்த்த 62/36/2 ஈயம் இருக்கிறது. ஏற்கெனவே வெள்ளி கலந்திருப்பதால் அதன் பசி குறைவு; 179 டிகிரியில் உருகியும் விடும். அதை வைத்து, கண்ணாடியை முதலில் ஹேர் டிரையரால் மெதுவாகச் சூடாக்கி, இரண்டு மூன்று நொடிக்குள் கையை எடுத்துவிடத் தெரிந்தவருக்கு ஈயம்தான் சிறந்த வழி. எனக்கு அந்தக் கை வரவில்லை.

இனி எனக்கு முடிவைத் தந்த விஷயத்துக்கு வருகிறேன். கணக்குப் பிடிக்காதவர்களும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வாங்கிய பசையின் தாளில் மின்தடை எண் 0.007 ஓம்-செ.மீ. என்று இருந்தது. ஈயத்துக்கு அது 0.000015 அளவில்தான். அதாவது பசை 450 மடங்குக்கு மேல் மோசம். இந்த எண்ணைப் பார்த்ததுமே பலர் பாக்கெட்டை வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் ஒரு வாரம் சும்மா இருந்தேன். அப்புறம்தான் உறைத்தது: பசை எவ்வளவு மோசம் என்பதைவிட, மின்சாரம் பசைக்குள் எவ்வளவு தூரம், எவ்வளவு அகலமான வழியில் போகிறது என்பதுதான் கேள்வி.

தகடு 10 மி.மீ.க்கு 6 மி.மீ. அழுத்தி ஒட்டினால் நடுவில் நிற்கும் பசை 0.1 மி.மீ. தடிமன். மின்சாரம் அந்த 0.1 மி.மீ.யைக் குறுக்கே தாண்டினால் போதும், பரப்போ 0.6 சதுர செ.மீ. கணக்குப் போட்டால் தடை ஒரு ஓமில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அண்ணனிடம் டி.சி. அளக்கிற க்ளாம்ப் மீட்டரை இரவல் வாங்கிப் பார்த்தேன். என் டிஃபாகர் 14 ஆம்பியர் இழுக்கிறது. அந்த இணைப்பில் விரயமாவது 0.02 வாட் சொச்சம், விரலுக்குத் தெரியாத சூடு. இதே இடத்தில் கார்பன் பசை, தோராயமாக 1 ஓம்-செ.மீ. என்று வைத்துக்கொண்டால், 3 வாட்டுக்கு மேல் போகும். நகம் அளவு இடத்தில் 3 வாட் என்றால் பசை இளகித் தகடு மறுபடி கையோடு வந்துவிடும்.

இப்போது அதே வெள்ளிப் பசையை வேறு இடத்தில் பாருங்கள். டிஃபாகர் கோடு ஒன்று 1 செ.மீ. நீளத்துக்கு அழிந்திருக்கிறது, அதன் மேல் பசையைக் கோடாக இழுக்கிறீர்கள்: 1 மி.மீ. அகலம், 0.05 மி.மீ. தடிமன். இங்கே மின்சாரம் பசைக்குள் நீளவாக்கில் நடக்க வேண்டும். தடை 14 ஓம்! என் கண்ணாடியில் 12 கோடுகள், ஒரு முழுக் கோட்டுக்கே 11 ஓம் அளவில்தான் வரும். அந்தக் கோட்டின் சூட்டில் பாதிக்கு மேல் அந்த ஒரு செ.மீ.யிலேயே கொதிக்கும். கோட்டுக்கு வெள்ளி பெயின்ட்தான் சரி. பிசின் குறைவு என்பதால் காய்ந்ததும் துகள்கள் நெருங்கி உட்காரும், தடை பல மடங்கு குறையும். ஆனால் பெயின்ட்டுக்குப் பிடிமானம் கிடையாது, தகட்டை அதால் ஒட்ட முடியாது. இரண்டு சரக்கின் டப்பாவிலும் 'வெள்ளி', 'கடத்தும்' என்றுதான் எழுதியிருக்கிறது. ஒன்றுக்கு மற்றொன்றை வாங்கி வந்து திட்டுகிறவர்கள் அநேகம்.

ஒட்டிய விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தகட்டின் அடியில் ஒட்டியிருந்த பழைய ஈயத்தை முழுக்க அரம் போட்டு, செம்பு நிறம் தெரியும் வரை எடுத்தேன். இது அழகுக்காக அல்ல. ஈயம், வெள்ளீயப் பூச்சு இவற்றின் மேல் வெள்ளிப் பசை வைத்தால், ஈரம் புகுந்ததும் இரண்டு உலோகத்துக்கும் ஒத்துவராமல் நடுவில் அரிப்பு தொடங்கி, தடை மாதா மாதம் ஏறும். மலை ஈரத்தில் சொல்லவே வேண்டாம். கண்ணாடிப் பக்கம் வெள்ளியைச் சுரண்டவில்லை, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துணி நனைத்துத் துடைத்ததோடு சரி. அரால்டைட் மாதிரியே இரண்டு ட்யூப், சம அளவு, இரண்டு நிமிடம் நன்றாகக் குழைக்க வேண்டும். சாம்பல் நிறக் களிம்பு, நினைத்ததைவிடக் கெட்டி. தகட்டை அழுத்தி, மேலே செல்லோ டேப்பை இழுத்து ஒட்டிவிட்டு, ஒரு நாள் முழுக்க விட்டேன். நடுவில் ஹேர் டிரையரால் இதமான சூடு காட்டினேன்; சூட்டில் இறுகினால் கடத்தும் திறன் கூடும். காய்ந்த பிறகு தகட்டின் ஓரம் சுற்றி நிறமில்லாத நெயில் பாலிஷ். வீட்டில் கேட்காமல் எடுத்தது.

ஓம் மீட்டரால் இந்த இணைப்பைச் சோதிக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். மீட்டர் ஒயருக்கே 0.2 ஓம் இருக்கும், நாம் தேடுவது அதற்கு ஆயிரத்தில் ஒரு பங்கு. டிஃபாகரை ஓடவிட்டு, ஒரு முனை தகட்டில், மறு முனை பக்கத்து வெள்ளிப் பட்டையில், மில்லிவோல்ட்டில் பாருங்கள். எனக்கு முதல் நாள் 18 மில்லிவோல்ட். கணக்கில் வந்ததைவிடப் பத்து மடங்கு அதிகம். பசை உலோகத்தைத் தொடுகிற முகத்தில் வரும் தடை என்று நினைக்கிறேன். இருந்தாலும் 14 ஆம்பியருக்கு அது கால் வாட்தான். இரண்டு மழைக்காலம் கழித்து இந்த தை மாதம் பார்த்தபோது 26. ஏறியிருக்கிறது. இது இங்கேயே நிற்குமா, ஐந்தாவது வருஷம் 100ஐத் தொடுமா, என்னால் சொல்ல முடியாது. ஈயம் வைத்திருந்தால் இந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்கும் வேலை இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன்.

பலத்திலும் ஈயம் ஒரு படி மேல். பசை பக்கவாட்டு இழுப்பைத் தாங்கும், ஓரத்திலிருந்து உரிக்கிற மாதிரி இழுத்தால் தாங்காது. அதனால் ஒயருக்கு ஒரு சுருள் தளர்வு விட்டு, பிளாஸ்டிக் உறையோடு சேர்த்து ஒரு கிளிப் போட்டிருக்கிறேன். இப்போது மூட்டை மாட்டினால் கிளிப் தாங்கும், தகடு தாங்க வேண்டியதில்லை. இன்னொன்று, பசையில் மறுவாய்ப்பு கிடையாது. கோணலாக ஒட்டிவிட்டால் சுரண்டத்தான் வேண்டும், சுரண்டினால் அடியில் இருக்கும் வெள்ளியும் சேர்ந்து வரும்.

வீட்டு வேலைகளில் இந்தப் பசைக்கு அவ்வளவு இடமில்லை. டார்ச், பேட்டரி டப்பா, பொம்மைக் கார் எல்லாம் ஈயம்தான். கீபோர்டுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் தாளில் கோடு அறுந்தால் அயர்ன் பட்ட உடனே தாள் சுருங்கிவிடும், அங்கே வெள்ளி பெயின்ட்டுக்கு வேலை இருக்கிறது. ரிமோட்டுக்குக் கார்பன்; என் ரிமோட்டில் ஆறு மாதம் நின்றது, பிறகு ஒலி பட்டன் மட்டும் மறுபடி முரண்டு பிடிக்கிறது. 230 வோல்ட் ஓடுகிற எதிலும், மோட்டார், கீசர், ஸ்விட்ச் போர்டு, எந்தப் பசையையும் வைக்காதீர்கள். அங்கே ஸ்க்ரூ, ஒயர் முனையில் மாட்டும் லக், இடுக்கியால் ஒழுங்காக நசுக்கிய க்ரிம்ப் மட்டும்தான்.

மிச்சப் பசை இரண்டு ட்யூபும் ஃப்ரிட்ஜ் கதவில், ஊறுகாய் பாட்டிலுக்குப் பின்னால் இருக்கிறது. போன வாரம் எலக்ட்ரீஷியன் அண்ணன் ஃபோன் பண்ணினார். வேறொரு காரில் இதே தகடு கழன்றிருக்கிறதாம். "அந்த வெள்ளி கிரீம் கொஞ்சம் இருக்கா தம்பி?"