1084 எஃகு: வீட்டுப் பட்டறையில் கத்தி செய்வோர் முதலில் வாங்க வேண்டிய பட்டை

கத்தி செய்வதைப் பொழுதுபோக்காக எடுத்துக்கொள்கிறவர்கள் முதலில் கேட்பது, எந்த இரும்பை வாங்கலாம் என்றுதான். என் பதில் தயக்கமின்றி 1084. அமெரிக்கத் தர எண்ணால் அறியப்படும் இந்த எஃகில் கார்பன் 0.80 முதல் 0.93 விழுக்காடு வரையும், மாங்கனீசு 0.60 முதல் 0.90 விழுக்காடு வரையும் இருக்கும். குரோமியமோ வனேடியமோ சேர்த்திருக்காது. கேட்பதற்குச் சாதாரணமாகத் தோன்றும் இந்தக் கலவைதான், விலையுயர்ந்த மின்உலை எதுவும் இல்லாமல் ஒரு சிறிய எரிவாயு உலையையும் சில அரங்களையும் வைத்துக்கொண்டு வேலை செய்பவருக்கு நல்ல கத்தியைத் தரக்கூடியது.

பழைய லாரி ஸ்பிரிங் பட்டை இருக்கும்போது காசு கொடுத்து எஃகு வாங்குவானேன் என்று பலர் கேட்கிறார்கள். நம் ஊர்க் கொல்லர்கள் அந்தப் பட்டையில் அடித்துத் தரும் அரிவாளுக்கு நான் எப்போதும் மரியாதை வைத்திருக்கிறேன். வெட்டின் அதிர்ச்சியைத் தாங்க வேண்டிய கருவிக்கு அது மிகப் பொருத்தமான இரும்பு. ஆனால் அதில் கார்பன் குறைவு, பட்டையின் கனமோ அதிகம், அது எந்தத் தரத்தைச் சேர்ந்தது என்பதும் பெரும்பாலும் தெரியாது. ஆண்டுக்கணக்கில் பாரம் தாங்கி வளைந்து நிமிர்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்களும் இருக்கலாம். அனுபவமுள்ள கொல்லர் சுத்தியடியின் ஓசையிலும் தீப்பொறியின் வடிவிலும் இரும்பைக் கணித்துவிடுவார். அந்தப் பழக்கம் வருவதற்கு முன்பே தெரியாத இரும்பில் உழைப்பைக் கொட்டினால், பிழை தன் கையிலா இரும்பிலா என்று கண்டுபிடிக்கவே வழியிராது.

1084 ஏன் எளிது என்பதற்கான காரணம் அதன் கார்பன் அளவில் இருக்கிறது. ஏறத்தாழ 0.8 விழுக்காடு கார்பன் உள்ள எஃகு, சூடேறும்போது மற்றக் கார்பன் எஃகுகளைவிடக் குறைந்த வெப்பத்திலேயே, சுமார் 730 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும், தன் உள்ளமைப்பை முழுமையாக மாற்றிக்கொண்டுவிடும். 1095 போன்ற எஃகில் கூடுதலாக இருக்கும் கார்பனைக் கரைப்பதற்கு, உரிய வெப்பத்தில் பல நிமிடங்கள் ஏற்ற இறக்கமின்றி நிறுத்தி வைக்க வேண்டும். வீட்டு உலையில் அது மிகக் கடினம். 1084-க்கு அந்த நிறுத்தம் அநேகமாகத் தேவையில்லை. இதில் உள்ள மாங்கனீசு, காய்ச்சிய கத்தியைக் கடினமாக்க எண்ணெயில் தோய்க்கும்போது நமக்குச் சற்றே கூடுதல் அவகாசமும் தருகிறது. 1095-ஐ ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் குளிர்வித்தாக வேண்டும் என்பதால் அதற்கென்றே தயாரிக்கப்பட்ட வேகமான எண்ணெய் வேண்டும். மெல்லிய 1084 கத்திக்கு நம் கடலை எண்ணெயே போதுமானது. அதை 50 டிகிரி அளவுக்கு வெதுவெதுப்பாக்கிக்கொள்வது அவசியம், ஏனெனில் இளகிய எண்ணெய்தான் கத்தியின் மேல் வேகமாக ஓடிச் சூட்டை விரைந்து இழுக்கும். பழைய எஞ்சின் ஆயிலைப் பயன்படுத்தச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம். அதன் புகை நெஞ்சுக்குக் கெடுதல்.

தோய்ச்சல் போடும் வேலையை மங்கலான வெளிச்சத்தில் செய்ய வேண்டும் என்று நான் வற்புறுத்திச் சொல்வேன். காந்தம் ஒட்டாமல் போவது 770 டிகிரியில். நமக்கு வேண்டியதோ 815 டிகிரி அளவு. இடைப்பட்ட இந்தத் தூரத்தைக் கண்ணால் அளக்கலாம். செந்நிறமாகச் சிவந்துவரும் தகட்டின் உள்ளே நிழல் போன்ற கருமை ஒன்று தோன்றி, மெல்லிய வாய்ப்பக்கத்திலிருந்து தடித்த முதுகை நோக்கி மெதுவாக நகர்வதைப் பார்க்கலாம். எஃகின் உள்ளமைப்பு மாறும்போது அது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால், மாற்றம் நிகழும் இடம் மட்டும் சற்று இருண்டு தெரிகிறது. கடைசி நிழலும் மறைந்து, தகடு முழுவதும் ஒரே நிறத்துக்கு வந்த பிறகு இன்னும் கொஞ்சம் சூடேற்றி, நுனி கீழ்நோக்க எண்ணெயில் நேராக இறக்க வேண்டும். பக்கவாட்டில் அசைத்தால் தகடு கோணிவிடும். எண்ணெய் தீப்பிடிப்பது சகஜம் என்பதால், மூடியுள்ள இரும்புப் பாத்திரத்தில் திறந்த வெளியில் வைத்துத்தான் இதைச் செய்ய வேண்டும். ஆறிய கத்தியின் வாயில் அரத்தை வைத்துத் தள்ளிப் பாருங்கள். சரியாகத் தோய்ந்திருந்தால் அரம் கடிக்காமல் கண்ணாடியின் மேல் போவதுபோல வழுக்கிச் செல்லும்.

இந்த நிலையில் கத்தி கீழே விழுந்தாலே உடைந்துபோகும். ஆகவே அன்றே அடுப்பில் வைத்துப் பதப்படுத்த வேண்டும். கேக் சுடும் ஓடிஜி அடுப்பில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மீண்டும் இரண்டு மணி நேரம் வைத்தால் போதும். எஃகின் கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் அது ஏறத்தாழ 60-இல் நிற்கும். அடுப்பின் திருகில் எழுதியிருக்கும் எண்ணை நம்பாமல் தனி வெப்பமானி ஒன்றை உள்ளே வைப்பதும், கத்தியை மணல் நிரப்பிய தட்டில் புதைப்பதும், வெப்பம் ஏறி இறங்குவதைக் கட்டுப்படுத்த உதவும்.

இந்த எஃகின் மீது எனக்குள்ள குறை, அது நம் கைக்கு வந்து சேரும் விதத்தைப் பற்றியது. 1084 என்று தாளொட்டி விற்கப்படுபவை எல்லாம் 1084 அல்ல. ஒரு விற்பனையாளரிடம் நான் வாங்கிய பட்டை எத்தனை முறை தோய்த்தாலும் அரத்துக்கு இளகிக்கொடுத்தது. ஆலையின் பரிசோதனைச் சான்று கேட்டதற்கு அவரிடமிருந்து பதிலே வரவில்லை. அதனால் சான்று தருபவரிடம் மட்டுமே இப்போது வாங்குகிறேன். வாங்கிய பட்டையிலும் விரல் அகலத் துண்டு ஒன்றை வெட்டித் தோய்த்து, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு, குறட்டில் பிடித்து உடைத்துப் பார்க்கிறேன். உடைந்த முகம் மங்கிய சாம்பல் நிறத்தில், மணிகள் தனித்தெரியாத அளவுக்கு நுண்மையாக இருந்தால் இரும்பும் சூடும் சரி. சர்க்கரைபோல் மினுங்கினால் சூடு மிகுந்துவிட்டது என்று பொருள். சில ஆலைகள் அரத்துக்கு எளிதாக இருக்கட்டும் என்று எஃகை மிகவும் மென்மையாக்கி அனுப்புகின்றன. அத்தகைய பட்டையைச் சிவக்கக் காய்ச்சிக் காற்றில் ஆறவிடுவதை, ஒவ்வொரு முறையும் சூட்டைச் சிறிது குறைத்தபடி மூன்று தடவை செய்த பிறகே தோய்க்க வேண்டும்.

சமையலறையில் இந்த எஃகு எப்படி நடந்துகொள்கிறது என்பதைச் சொல்லாமல் மதிப்புரை முழுமையாகாது. முதுகு 2 மி.மீ. அளவுக்கு மெலிந்து, வாயைப் பக்கத்துக்கு 15 டிகிரி கோணத்தில் தீட்டிய என் காய்கறிக் கத்தி, சின்ன வெங்காயத்தை நசுக்காமல் தாள் தாளாக அரிகிறது. மழுங்கினால் சாதாரணச் சாணைக்கல்லில் சில நிமிடங்களில் மீண்டும் கூர் ஏறிவிடுகிறது. துருப்பிடிக்காத எஃகில் செய்த கடைக் கத்திகளில் இந்தச் சுகம் எனக்குக் கிடைத்ததில்லை. ஆனால் இது கறுக்கும். தக்காளி, எலுமிச்சை, புளி பட்ட இடமெல்லாம் நீலமும் சாம்பலுமாக நிறம் மாறும். புதுக் கத்தியில் வெங்காயம் அரிந்தால் இரும்பு வாடையும் வரும். சில வாரங்களில் அந்தக் கருமை சீராகப் படிந்துவிட்டால் வாடையும் நின்றுவிடும். நம் வீடுகளில் தலைமுறைகளாக இருந்த அரிவாள்மணையும் கறுத்துத்தானே இருந்தது? அதைக் குறை என்று யாரும் சொன்னதில்லை. கருமை வேறு, செந்துரு வேறு. ஈரத்தோடு தொட்டியில் போட்டுவிட்டால், அதிலும் கடலோர ஊர்களில், ஒரே இரவில் செந்துரு பூத்துவிடும். அரிந்து முடித்ததும் கழுவித் துடைத்துத் துளி தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். நல்லெண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்து இறுகும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. இந்தக் கவனிப்புக்கு இசையாத வீட்டில் 1084 கத்தியை யாருக்கும் பரிசளிக்க வேண்டாம்.

தேங்காய் உடைக்கவோ எலும்பு வெட்டவோ இதில் மெல்லிய கத்தி செய்யக் கூடாது. அந்த வேலைக்கு ஸ்பிரிங் பட்டையே மேல். துருப்பிடிக்காத எஃகுதான் வேண்டும் என்பவர்கள் 1,000 டிகிரிக்கு மேல் துல்லியமாக நிறுத்தும் மின்உலை உள்ள பட்டறைக்குத் தோய்ச்சலை அனுப்ப வேண்டியிருக்கும். முதன்முறை வாங்குவோர் 3 மி.மீ. கனமும் 40 மி.மீ. அகலமும் உள்ள பட்டையைக் கேட்டு வாங்கலாம். அதைவிடக் கனமாக வாங்கினால், சாணை எந்திரம் இல்லாமல் அரத்தால் மட்டுமே தேய்த்து வாய் இறக்குவதற்குள் கை ஓய்ந்துவிடும். அதைவிட மெல்லியதாக வாங்கினால் தோய்க்கும்போது கோணுவதற்கு இடமுண்டு. கையில் பழக்கம் ஏறிய பிறகு இதே 1084-ஐ, நிக்கல் கலந்த 15என்20 எஃகோடு அடுக்கி உலையில் ஒட்டவைத்து, வரியோடும் டமாஸ்கஸ் தகடாகவும் அடிக்கலாம்; இரண்டும் ஏறத்தாழ ஒரே வெப்பத்தில் தோயும் என்பதால் மீந்த துண்டுகளைத் தூக்கிப்போடாமல் சேர்த்து வையுங்கள்.