பால் ஊசிக்கே என் ஓட்டு

எனக்கு ரெண்டு தடவை டி அண்ட் சி (கர்ப்பப்பையைச் சுத்தம் பண்றது) ஆகியிருக்கு. மயக்க ஊசி ரெண்டும் வேற வேற.

முதல் தடவை ராயபுரம் பக்கம் ஒரு சின்ன நர்சிங் ஹோம். கெட்டமின் போட்டாங்க. வலி துளிகூட தெரியல. ஆனா சுவரெல்லாம் உருகி மேல வழியுது, நான் காசிமேடு மீன் மார்க்கெட்டுல கூடையோட பறக்கிறேன்! கண்ணு திறந்தேதான் இருந்துச்சாம். "வஞ்சிரத்தை இறக்கு"ன்னு கத்தினதை அம்மா இன்னும் சொல்லிச் சிரிக்கிறாங்க. அப்புறம் ராத்திரி வரைக்கும் வாந்தி. மிடசோலம்னு ஒரு தூக்க மருந்தைச் சேர்த்துப் போட்டா இந்தக் கனவுத் தொல்லை குறையும்னு எனக்கு யாரும் அப்போ சொல்லல.

போன மாசம் தண்டையார்பேட்டையில புரோபோஃபால். பார்க்க ஆவின் பால் மாதிரி வெள்ளை; சோயா எண்ணெயும் முட்டை லெசித்தினும் கலந்தது. முன்னாடியே மரத்துப்போக லிக்னோகைன் கொடுத்தும் கை நரம்புல மிளகாய் ஏறின மாதிரி சுரீர்னுச்சு. எண்ணச் சொன்னாங்க, நாலு வரைக்கும் ஞாபகம். முழிச்சா முடிஞ்சிருக்கு! கொஞ்ச நேரத்துல தெளிவாப் பேசினேன், சாயங்காலம் வீட்டுல டீ.

ஆனா ஒண்ணு, புரோபோஃபால் வலியைக் கொல்லாது. அதனால கூடவே ஃபென்டனில்ங்கிற வலி மருந்தும் கொடுத்தாங்க. மூச்சும் பிரஷரும் இறங்கலாம்கிறதால மயக்க டாக்டர் தலைமாட்டை விட்டு நகரவே இல்ல. கெட்டமின்ல அந்த பயம் கம்மி, அதனாலதான் வசதி குறைஞ்ச இடத்துல இன்னும் ஓடுது.

தண்டையார்பேட்டைக்கு ஒரு ஸ்டார் குறைக்கிறேன். காலை எட்டு மணின்னு பட்டினியா வரச்சொல்லிட்டு பதினொண்ணரைக்குத்தான் உள்ளே கூப்பிட்டாங்க.