டிஎஸ்ஓ138 கிட்டா, ஹான்டெக் 2சி42 கருவியா?

மின்னணுவியலைப் பொழுதுபோக்காகப் பயில்பவர்கள் தங்கள் முதல் ஆஸிலாஸ்கோப்பை (மின் சிக்னலின் அலைவடிவத்தைத் திரையில் காட்டும் கருவியை) வாங்கும்போது, பெரும்பாலும் நாமே பற்றவைத்துச் சேர்க்கும் டிஎஸ்ஓ138 கிட், தயார்நிலையில் வரும் ஹான்டெக் 2சி42 ஆகிய இரண்டுக்கும் இடையில்தான் தயங்குகிறார்கள்.

விலை: கிட் மிக மலிவானது; ஹான்டெக்குக்குப் பல மடங்கு கொடுக்க வேண்டும்.

பேண்ட்விட்த் (கருவி காட்டக்கூடிய அதிர்வெண்ணின் உச்சவரம்பு): கிட்டுக்கு 200 கிலோஹெர்ட்ஸ், நொடிக்கு 10 லட்சம் மாதிரிகள் (சிக்னலை அளக்கும் தடவைகள்), ஹான்டெக்குக்கு 40 மெகாஹெர்ட்ஸ், 25 கோடி மாதிரிகள். முடிவைத் தீர்மானிப்பது இந்த ஒன்றுதான் என்பது என் உறுதியான கருத்து. சதுர அலையின் வடிவம் சிதையாமல் தெரிவதற்கு அதன் அதிர்வெண்ணைப்போல் ஐந்து மடங்கு பேண்ட்விட்தாவது தேவை என்பதால், கிட்டைச் சுமார் 40 கிலோஹெர்ட்ஸ் வரை மட்டுமே நம்பலாம். ஆடியோ ஆம்ப்ளிஃபயர், துடிப்புகளை உருவாக்கும் 555 டைமர் சில்லு, ஆர்டுவினோ ஊனோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் (நிரலிடக்கூடிய சிறு கணினிச் சில்லு) போர்டின் 490 ஹெர்ட்ஸ் பிடபிள்யூஎம் (அகலம் மாறும் துடிப்பு அலை) ஆகியவற்றுக்கு அது தாராளமாகப் போதும். 400 கிலோஹெர்ட்ஸில் ஓடும் ஐ2சி (சில்லுகள் இரண்டு கம்பிகளில் தரவு பரிமாறும் முறை) சிக்னலை அதில் பார்க்க முயல்வது வீண்.

சேனல் (சிக்னலை உள்ளே கொடுக்கும் வழி): கிட்டில் ஒன்று, ஹான்டெக்கில் இரண்டு. ஐ2சியின் கடிகார, தரவுக் கம்பிகளை ஒருசேரப் பார்க்க இரண்டு சேனல்கள் அவசியம்.

வசதி: கிட்டுக்கு 9 வோல்ட் அடாப்டர் வேண்டும், சர்க்யூட் போர்டும் திறந்தே கிடக்கும், ஹான்டெக் ரீசார்ஜ் பேட்டரியில் இயங்குகிறது, மல்டிமீட்டரும் உள்ளேயே இருக்கிறது.

பற்றவைத்துப் பழகவும் ஆடியோ சுற்றுகளைச் சோதிக்கவும் விரும்பும் மாணவருக்குக் கிட் நல்ல தொடக்கம். மைக்ரோகன்ட்ரோலர் பக்கம் போகப்போவது உறுதியென்றால், சில மாதங்கள் பணம் சேர்த்தாவது ஹான்டெக்கை வாங்குங்கள். கிட்டின் உள்ளீட்டு வரம்பு 50 வோல்ட் மட்டுமே. வீட்டின் 230 வோல்ட் மின்சாரத்தில் அதை ஒருபோதும் இணைக்காதீர்கள்.