நாலு வருஷம், ஆறு கோர்ஸ்: என்பிடெல்லில் படித்த அனுபவம்

ஆவடியில் ஏறி லேடீஸ் பெட்டியில் உட்கார இடம் கிடைத்துவிட்டால், சென்ட்ரல் போய்ச் சேருவதற்குள் ஒரு வீடியோ முழுதாக முடிந்துவிடும். முந்தைய நாள் கல்லூரி வைஃபையில் இறக்கி வைத்திருப்பேன், டேட்டா செலவில்லை. 2021-லிருந்து என்பிடெல் என்ற ஆன்லைன் பாடத் திட்டத்தில் பெரும்பாலும் இப்படித்தான் படித்தேன். ஆறு கோர்ஸ் எடுத்ததில் நாலுக்குச் சான்றிதழ் வாங்கினேன், ஒன்றைப் பாதியில் விட்டேன், ஒன்றில் ஃபெயில்.

ஊரடங்கில் நாங்கள் படித்ததும் ஆன்லைனில்தான். காலை ஒன்பதரைக்கு அட்டெண்டன்ஸ், கேமராவைப் போடு, மைக்கை அணை. வீட்டில் இருந்தது ஒரே போன். பத்தாவது படித்த தம்பிக்கும் அதே நேரத்தில் வகுப்பு என்பதால் போன் அவனிடம் போய்விடும். வகுப்பறையின் மணியும் கெடுபிடியும் அப்படியே போனுக்குள் வந்தன, வேறொன்றும் மாறவில்லை. "ஆன்லைனா, வேண்டாம்பா" என்று இன்றும் சொல்கிற என் தோழிகள் அதை நினைத்துத்தான் சொல்கிறார்கள்.

என்பிடெல் அப்படி இல்லை. 7 ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003-ல் தொடங்கியது, இப்போது மத்திய அரசின் ஸ்வயம் என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் நடக்கிறது. சேர்ந்து படிக்கக் காசு கிடையாது. சான்றிதழ் வேண்டுமென்றால்தான் தேர்வுக் கட்டணம், நான் கட்டியது 1000 ரூபாய். வாராவாரம் வீடியோ வரும், எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் அசைன்மென்ட்டுக்குக் கெடு உண்டு. எனக்கு அது புதன் இரவு 11.59.

சென்னை கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த் நடத்தும் பைத்தான் புரோகிராமிங் கோர்ஸில் ரிகர்ஷன் (ஒரு ஃபங்ஷன் தன்னையே கூப்பிடுவது) பகுதியை மட்டும் நாலு தடவை பார்த்தேன். நாலாவது தடவை வீடியோவை நிறுத்தி நிறுத்தி, பழைய கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் கட்டம் போட்டேன். ஃபேக்டோரியல் 4 (அதாவது 4×3×2×1) போய் 3-ஐக் கேட்கிறது, 3 போய் 2-ஐ, 2 போய் 1-ஐ. அங்கிருந்து விடை ஒவ்வொரு கட்டமாகத் திரும்பி வந்து 24 ஆனபோது இரவு பன்னிரண்டு மணி, வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். வகுப்பில் எழுந்து நாலாவது தடவை கேட்க எனக்கு வாய் வந்திருக்காது.

ஃபெயிலானது நிகழ்தகவு கோர்ஸில். மூன்று வார வீடியோக்களைப் பார்க்காமல் சேர்த்துவைத்துவிட்டேன். அப்புறம் வாட்ஸ்அப்பில் சுற்றிய விடைகளைப் பார்த்துப் புதன் இரவுகளில் டிக் அடித்தேன். அசைன்மென்ட்டில் 25-க்கு 22 வந்தது. தேர்வு நேரில், மையத்துக்குப் போய்க் கணினியில் எழுத வேண்டும். அங்கே 75-க்கு 27. தேர்வில் மட்டும் குறைந்தது 30 எடுத்தாக வேண்டும். அந்தத் தேர்வு நேரில் நடப்பது நல்லது என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். அது இல்லையென்றால் சான்றிதழுக்கு மதிப்பு ஏது?

எனக்கு உண்மையிலேயே மனக்கசப்பு தந்தது கிரெடிட், அதாவது படித்த பாடம் டிகிரிக் கணக்கில் சேரும் விஷயம். ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படித்துக் கிரெடிட் பெற 2021-ல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதி கொடுத்தது. 12 வாரக் கோர்ஸ் முடித்தால் 3 கிரெடிட். நான் படித்த கல்லூரியில் அது மார்க்‌ஷீட்டில் ஏற இரண்டு செமஸ்டர் ஆனது. பிரிண்ட் அவுட்டோடு மூன்று முறை தேர்வுப் பிரிவுக்கு நடந்தேன். நடுவில் அதே பாடத்தின் எலெக்டிவ் (விருப்பப் பாட) வகுப்பிலும் உட்காரச் சொன்னார்கள். என்னோடு சேர்ந்தவர்களில் பலர் அடுத்த கோர்ஸ் எடுக்கவே இல்லை. வீடியோ பிடிக்காமல் இல்லை, இந்த அலைச்சல்தான் காரணம். டைம்டேபிளில் வாரம் ஒரு மணி நேரமும், சந்தேகம் கேட்க அந்தப் பாடம் தெரிந்த ஒரு ஆசிரியரும் இருந்திருந்தால் பாதிப் பேராவது நீடித்திருப்பார்கள்.

இந்த ஜனவரியில் தம்பியும் பைத்தானில் சேர்ந்திருக்கிறான். வீடியோவை அவன் எப்போது வேண்டுமானாலும் பார்க்கட்டும், அசைன்மென்ட்டை மட்டும் செவ்வாய்க்கிழமையே முடிக்கச் சொல்லியிருக்கிறேன். போன வாரம் ரிகர்ஷன் வந்தது. கரண்ட் பில்லைத் தேடி எடுத்துக் கொடுத்தேன்.